பட்டாளத்தில் லஞ்சம்: சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே அதன் கை எட்டவில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராணுவத்தை இன்னும் பட்டாளம் என்றுதான் சொல்கிறோம். ஒரு வீட்டுப் பையன் பட்டாளத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று தெரிந்தால், 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறான் என்று கேட்பவர்கள் குறைவு. "எவ்வளவு கேட்கிறார்களாம்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. விடியற்காலையில் பனியில் ஓடிப் பழகிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் பையனின் காதிலேயே இந்தக் கேள்வி விழுகிறது. அவன் ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்வதைப் போன்றது இது. அதனால்தான், பட்டாளத்தில் கை நீட்டுபவனை எந்தச் சட்டம் எப்படித் தண்டிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தைப் புரட்டினால், லஞ்சம் என்ற தலைப்பில் தனிப் பிரிவு எதுவும் கிடைக்காது. குற்றம் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. முக்கியமானது 64ஆம் பிரிவின் (உ) உட்பிரிவு. "பலவகைக் குற்றங்கள்" என்ற தலைப்பின்கீழ் அது ஒதுங்கி நிற்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. அது சொல்வதன் சாரம் இதுதான்: ஒருவரைப் படையில் சேர்த்துவிடுவதற்காகவோ, படையில் இருக்கும் ஒருவருக்கு விடுப்பு, பதவி உயர்வு, வேறு ஏதாவது அனுகூலம் அல்லது சலுகை வாங்கித் தருவதற்காகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, தனக்காகவோ பிறருக்காகவோ, கைம்மாறு பெற்றாலும், பெற ஒப்புக்கொண்டாலும், பெற முயன்றாலும் குற்றம். ராணுவ நீதிமன்றம் 7 ஆண்டுவரை சிறை விதிக்கலாம்.

பணம் கை மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. கேட்டாலே போதும். வேலை முடிந்ததா இல்லையா என்பதும் கணக்கில் வராது. "எனக்கு வேண்டாம், மேலே இருப்பவருக்கு" என்ற பேச்சும் தப்பிக்க வழியாகாது.

அந்தப் பட்டியலில் விடுப்பு என்ற சொல் இருப்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆயுதப் பேரம், கோடிக்கணக்கில் கமிஷன் என்று நாம் செய்தித்தாளில் படிப்பவற்றுக்கு நடுவே, ஒரு சிப்பாயின் லீவு எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் சிப்பாயின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு; நான்கு ஆண்டுப் பணிக்கென்று சேர்க்கப்படும் அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான். லடாக்கிலோ அருணாச்சலத்திலோ இருக்கும் பாலக்கோட்டுப் பையனுக்குத் தங்கையின் கல்யாணத் தேதி தெரியும், ஊர் மாரியம்மன் பண்டிகை எந்த வாரம் என்றும் தெரியும். அந்த நாளில் அவன் வீட்டில் இருப்பானா என்பது யூனிட் அலுவலகத்தில் எழுதப்படும் ஒரு பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்திருப்பவன் 2 பாட்டில் சரக்கு கேட்டால் அந்தப் பையன் என்ன செய்வான்? வேலையை விட்டுவிட்டு வர முடியாது. சொல்லாமல் கிளம்பி வந்தால் அதே ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை. சங்கம் வைக்கவோ பத்திரிகைக்குப் பேசவோ 21ஆம் பிரிவு விடாது. படையினரின் அடிப்படை உரிமைகளை அப்படிக் குறுக்க அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றத்துக்குப் பணம் கேட்டால் நாம் கத்தலாம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், உள்ளூர் நிருபரைக் கூப்பிடலாம். அந்த வழிகள் எல்லாம் அடைபட்ட ஒருவனிடம் கேட்கப்படும் 500 ரூபாய், வெளியே கேட்கப்படும் 50,000 ரூபாயைவிடக் கொடியது. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தொகை எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை.

அடுத்தது 53ஆம் பிரிவு. பறித்தல், ஊழல் என்பது அதன் தலைப்பு. மிரட்டிப் பறிப்பதும், தக்க அதிகாரம் இல்லாமல் யாரிடமிருந்தும் பணமோ உணவுப் பண்டமோ ஊழியமோ வாங்குவதும் இதில் அடங்கும். தண்டனை 10 ஆண்டுவரை. உணவுப் பண்டம், ஊழியம் என்ற சொற்கள் பழைய காலத்துப் படை நடையை ஞாபகப்படுத்துகின்றன. பாராமகால் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த நம் சீமைக்கு அந்தப் பழைய காலம் நன்றாகவே தெரியும். ஹைதர், திப்பு, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) என்று மூன்று படைகளும் இந்தக் கணவாய்கள் வழியாக மாறி மாறி நடந்தன. படை போகும் வழியில் இருக்கும் கிராமத்தில் தானியமும் மாடும் ஆளும் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 64ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இன்னொரு வரி உண்டு: தன்கீழ் உள்ள படையினர் யாரையாவது அடித்தார்கள், அல்லது திருவிழாவையோ சந்தையையோ குலைத்தார்கள் என்று புகார் வந்தும் அதற்கு ஈடு செய்யாத தளபதியும் குற்றவாளி. சந்தை என்ற சொல் ராணுவச் சட்டத்தில் இருக்கிறது என்பதை அரூரிலோ போச்சம்பள்ளியிலோ சந்தைக்குப் போகிறவர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியையும், அவருக்கு உதவியாக மூன்று படை அதிகாரிகளையும் அனுப்பினார். அந்த மூவரில் ஒருவர் தாமஸ் மன்றோ; தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் அபூர்வம், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் அவர்கள் காரியம் நடந்தது என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம். இடையில் நிற்பவன் பேசித்தான் வேலை நடக்கும் என்றால் அங்கே காசு ஒழுகும் என்பது 230 ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். இடைத்தரகரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

படைக்குப் பொருள் வாங்கும் இடத்தில் நடப்பது வேறு வகை. தீவனம், காய்கறி, முட்டை, இறைச்சி, கட்டட ஒப்பந்தம் என்று பணம் பெரிதாகப் புழங்கும் இடம் அது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824இல் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. படைத் தேவையும் உள்ளூர் வியாபாரமும் இங்கே இரண்டு நூற்றாண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றும் ஒரு வியாபாரி, ராணுவ முகாமுக்குக் காய்கறி ஒப்பந்தம் எடுத்தவருக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகாமில் சரக்கை இறக்கும்போது எடையும் தரமும் பார்ப்பவர், பெட்டிக்கு இவ்வளவு என்று கேட்கிறார். கேட்டவர் சீருடைக்காரராக இருந்தால் ராணுவச் சட்டம் அவர்மீது பாயும். அழுகிய சரக்கை நல்லதென்று பதிவேட்டில் எழுதியிருந்தால் 57ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். பொய் ஆவணத்துக்கு அதில் 14 ஆண்டுவரை சிறை. கேட்டவர் அங்கே வேலை செய்யும் சிவிலியன் ஊழியர் என்றால், சாதாரண காலத்தில் ராணுவ நீதிமன்றம் அவரைத் தொட முடியாது, அவர் சி.பி.ஐ. வசம் போவார்.

சி.பி.ஐ. பிறந்த கதையே இதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது போர் மற்றும் வழங்கல் துறையில் நடந்த லஞ்சத்தை விசாரிக்க 1941இல் ஒரு சிறப்புப் போலீஸ் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. 1946இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது, 1963 ஏப்ரலில் அது சி.பி.ஐ. ஆனது. பட்டாளத்துச் சாமான் வாங்குவதில் போன காசைத் தேடத்தான் அந்த அமைப்பே உருவானது.

ராணுவத்தில் இருப்பவரும் பொது ஊழியர்தான். ஆகவே 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் அவருக்குப் பொருந்தும். லஞ்சம் வாங்கினால் அதன் 7ஆம் பிரிவில் குறைந்தது 3, அதிகபட்சம் 7 ஆண்டு. அப்படியானால் யார் விசாரிப்பது, ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிபதியா, ராணுவ நீதிமன்றமா? ராணுவச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, நாட்டின் பொதுச் சட்டத்தில் குற்றமாக உள்ளதையும் ராணுவக் குற்றமாகக் கருதி ராணுவ நீதிமன்றத்திலேயே விசாரிக்க வழி செய்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் முப்படைச் சட்டங்களின் அதிகாரம் இதனால் பாதிக்கப்படாது என்கிறது. இரண்டு கதவும் திறந்திருந்தால் எந்தக் கதவு வழியாகப் போவது என்பதை ராணுவச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி முதலில் ராணுவத் தரப்பு முடிவு செய்யும். குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால் 126ஆம் பிரிவின் வழியில் விஷயம் மத்திய அரசிடம் போகும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் குழப்பம் இல்லை. புணே அருகே டெஹு வாகனக் கிடங்கிலிருந்து ராணுவச் சாமான்களைக் கடத்தச் சதி செய்ததாக மேஜர் பார்சே என்ற அதிகாரிமீதும் வேறு சிலர்மீதும் சிறப்பு நீதிபதியின் முன் வழக்கு நடந்தது. ராணுவத்தில் இருப்பவனை ராணுவ நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும் என்ற வாதத்தை 1961இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சீருடை இருப்பதால் மட்டும் சாதாரண நீதிமன்றத்தின் கை கட்டப்படாது என்பது அதிலிருந்து நிலைத்த விதி.

புகார் ஒன்று உள்ளே போனால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதலில் விசாரணைக் குழு அமர்த்தப்படும். ஒருவரின் நடத்தைக்கோ ராணுவ நற்பெயருக்கோ களங்கம் வரும் என்றால், அவர் முழு நேரமும் கூட இருந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ராணுவ விதிகளின் 180ஆம் விதி உரிமை தருகிறது. அந்தக் குழுவின் முன் சொன்ன வாக்குமூலம் பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகாது. அதன்பின் அவரது யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் குற்றச்சாட்டைக் கேட்பார், சாட்சியத் தொகுப்பு எழுதப்படும், கடைசியாக ராணுவ நீதிமன்றம். அதில் நான்கு வகை உண்டு; மூன்றை மட்டும் சொல்கிறேன். அதிகாரி ஒருவரை விசாரிக்க வேண்டுமானால் சாதாரண காலத்தில் குறைந்தது 5 அதிகாரிகள் கொண்ட பொது ராணுவ நீதிமன்றம் அமர வேண்டும். சிப்பாய்க்கு 3 பேர் கொண்ட மாவட்ட ராணுவ நீதிமன்றம் போதும். அந்த நீதிமன்றம் 2 ஆண்டுக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. சுருக்க ராணுவ நீதிமன்றத்தில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதி. இரண்டு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், வாக்கு அவர்களுக்கு இல்லை. அந்த ஆபீசர் லெப்டினன்ட் கர்னலாகவோ அதற்கு மேலோ இருந்தால் ஓராண்டு, கீழே இருந்தால் 3 மாதம் சிறை கொடுக்கலாம்.

எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி வகை. லீவுக்குக் காசு வாங்கிய கிளார்க்கை விசாரிக்கும் அதே ஆபீசரின் அலுவலகத்தில்தான் அந்தக் காசு கைமாறியிருக்கிறது. தன் வீட்டுக் குப்பையைத் தானே எடை போடச் சொல்வதைப் போன்ற ஏற்பாடு. வேகமாக முடியும் என்பது உண்மை. போர்முனையில் அந்த வேகம் தேவை என்பதும் உண்மை. அமைதிக் காலத்தில், அதுவும் லஞ்ச வழக்கில், அந்த நியாயம் எடுபடாது என்பது என் எண்ணம்.

சிறையைவிடப் பட்டாளத்துக்காரர்கள் பயப்படுவது டிஸ்மிஸ் என்ற சொல்லுக்கு. பணிநீக்கமானால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் பொதுவாகப் போய்விடும். கேன்டீன் அட்டை, மருத்துவ வசதி, முன்னாள் படைவீரர் என்ற பெயர், அதை வைத்துக் கிடைக்கும் இடஒதுக்கீடு எல்லாம் கூடவே போகும். ஊரில் திருவிழாவில் அவரை முன்னால் நிறுத்தும் மரியாதையும் போகும். இவ்வளவு கனமான தண்டனையை மேல்முறையீட்டில் சரிபார்க்க நெடுநாள் வெளியே ஒரு நீதிமன்றம் இல்லை. ராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு முறையான மேல்முறையீடு இல்லாததை 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றமே வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது. அதன் ஓர் அமர்வு சென்னையில் இருக்கிறது. இன்று நம் மாவட்டத்துச் சிப்பாய் தன்மீதான தீர்ப்பை எதிர்த்து டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய ராணுவ நீதிச் சட்டத்தில் 2019 ஜனவரி 1 முதல் இரண்டு தனிப் பிரிவுகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு முடிவை மாற்றுவதற்காகக் கொடுப்பதும் வாங்குவதும் லஞ்சம். முடிவை மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், அரசு வேலை சம்பந்தமாகத் தரக்கூடாத கைம்மாறு தருவதும் பெறுவதும் இன்னொரு குற்றம். "அவர் அன்பளிப்பாகக் கொடுத்தார், நான் அவருக்கு எதுவும் செய்து தரவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாதபடி அந்தக் கதவை அடைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. லியோனார்ட் கிளென் பிரான்சிஸ் என்ற ஒப்பந்ததாரர் அமெரிக்கக் கடற்படையின் ஏழாவது அணி அதிகாரிகளுக்கு விருந்தும் ஓட்டல் அறையும் கொடுத்தே பல ஆண்டு கப்பல்களைத் தனக்கு வேண்டிய துறைமுகத்துக்குத் திருப்பினார். 2013இல் கைதான அவருக்கு 2024இல் 15 ஆண்டு தண்டனை கிடைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாச் சட்டமும் பிடிப்பது சீருடைக்காரனை. தருமபுரி பஸ் நிலையத்தின் டீக்கடையில் உட்கார்ந்து பேரம் பேசுபவன் பெரும்பாலும் சீருடைக்காரனே இல்லை. அவனுடைய வித்தை எளிமையானது. பத்துப் பையன்களிடம் தலைக்கு 2 லட்சம் வாங்குவான். பள்ளிச் சான்றிதழ்களின் அசலையும், எழுதாத காசோலை ஒன்றையும் உத்தரவாதமாக வைத்துக்கொள்வான். பிறகு ஒன்றும் செய்யமாட்டான். பத்தில் இரண்டு மூன்று பேர் ஓடி, கம்பியில் புல்-அப் எடுத்து, பள்ளம் தாண்டி, தேர்வெழுதித் தாங்களாகவே தேறிவிடுவார்கள். அவர்கள் பணம் அவனுக்கு. மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். நாணயமானவன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டு இருபது பேர் வருவார்கள்.

தேறிய பையனின் உழைப்பைத் திருடி அவனுக்கே விற்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்னிவீரருக்கு முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000, நான்காண்டு முடிவில் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடித்தது போகக் கைக்கு வருவது 21,000. பையன் ஏறக்குறைய பத்து மாதம் சாப்பிடாமல் குடிக்காமல் சேர்த்தால்தான் அந்த 2 லட்சம் வரும். நான்கு ஆண்டு முடிவில் நிரந்தரமாவது அதிகபட்சம் நான்கில் ஒருவர். இப்போது முதல் கட்டம் கணினியில் நடக்கும் பொது நுழைவுத் தேர்வு. அதன் பிறகு, நம் இரு மாவட்டங்களும் சேர்ந்துள்ள கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம். கணினித் தேர்விலும் நிறுத்துக் கடிகாரத்திலும் தரகனுக்கு என்ன வேலை?

உள்ளே இருப்பவர்கள் யாருமே தவறு செய்வதில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2021 பிப்ரவரியில் வினாத்தாள் கசிந்து ராணுவ ஆள்சேர்ப்புத் தேர்வு நாடு முழுவதும் ரத்தானது. உள்ளே ஆள் இருந்தால் 64ஆம் பிரிவு இருக்கிறது. ஆள் இல்லாமலே உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுபவனுக்குப் பாரதிய நியாயச் சட்டத்தின் மோசடிப் பிரிவு இருக்கிறது, 7 ஆண்டுவரை சிறை. அதிகாரியைத் தவறான வழியில் வளைக்கிறேன் என்று பணம் வாங்கும் தரகனுக்கென்றே 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது.

அதே 2018 திருத்தம் பணம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது என்பது பெற்றோர் அறிய வேண்டியது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவர்மீது குற்றமில்லை. எட்டாம் நாள் அந்தப் பாதுகாப்பு இல்லை. பொய்ச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்த பையனுக்கும் ஆபத்து உண்டு: சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை.

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். மாநில லஞ்ச ஒழிப்புத் துறை பெரும்பாலும் மாநில அரசு ஊழியர்களைப் பார்ப்பது. அங்கே போனால் இது எங்கள் வேலையில்லை என்று அனுப்பிவிடக்கூடும். கேட்டவன் தரகன் என்றால் உள்ளூர்க் காவல் நிலையம் அல்லது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். சீருடைக்காரன் என்றால் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் இயக்குநர், அல்லது அவன் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர், அல்லது சென்னையில் இருக்கும் சி.பி.ஐ. ஊழல் தடுப்புப் பிரிவு. ராணுவ நீதிமன்றத்துக்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. குற்றம் உரியவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். சாட்சி சொல்லப் போக வேண்டியிருந்தால் சம்மன் உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் வழியாகத்தான் வரும், ஜீப்பில் யாரும் வந்து அழைத்துப் போகமாட்டார்கள்.

எங்கள் பெரியப்பா இதில் ஒன்றையும் அறியாதவர். ஊத்தங்கரைப் பக்கத்தில் இரண்டு எருமையை விற்று, மேலும் கடன் வாங்கி, மகனுக்காக ஒரு தரகரிடம் ஒன்றரை லட்சம் கொடுத்தார். அண்ணன் மருத்துவப் பரிசோதனையில் கழிக்கப்பட்டான். மூன்று மாத அலைச்சலுக்குப் பின் தரகர் 75,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மஞ்சள் பையில் அதை வாங்கிக்கொண்டு வந்த பெரியப்பா, பாதியாவது கொடுத்தாரே நல்ல மனிதர் என்று அவரைப் புகழ்ந்தார். அண்ணனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மட்டும் திரும்பி வரவே இல்லை. நகல் வாங்கக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் வேண்டும் என்றார்கள். நான்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்கு வரும் வழியில் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. அந்த முழு விவகாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து போன ஒரே புகார் அதுதான்.